தொட்டதெல்லாம் பொன்

(சாமல்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேடை ஏறும் முன் ஒரு கல்லூரிப் பெண் வந்து, "ஐயா, இங்கிலீஷில் 'மைடாஸ் டச்' என்கிறார்களே, அது வாழ்த்தா, வசவா?" என்று கேட்டாள். பேச நினைத்து வந்ததை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

ஒருவர் கடை போட்டால் ஓடுகிறது, நிலம் வாங்கினால் விலை ஏறுகிறது என்றால், அவருக்கு மைடாஸின் கை என்று இங்கிலீஷில் புகழ்வார்கள். நாம் கைராசிக்காரர் என்போம். ஆனால் கதையைக் கேளுங்கள். இன்றைய துருக்கியில் இருந்த பிரிஜியா நாட்டின் அரசன் மைடாஸ். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் வாங்கினான். கிளை பொன்னாயிற்று, கல் பொன்னாயிற்று. பசி வந்தது. எடுத்த ரொட்டியும் பொன்!

நம் வீட்டில் நடந்ததாக நினைத்துப் பாருங்கள். அம்மா சுடச்சுடக் கேழ்வரகுக் களி உருட்டி, நடுவில் குழி பறித்துக் கீரைக் குழம்பு ஊற்றுகிறாள். ஆவி பறக்கிறது. உங்கள் விரல் பட்டதும் ஆவி அடங்கி, களி உலோகமாகிவிடுகிறது. அம்மா இன்னொரு உருண்டை வைக்கிறாள். அதுவும் அப்படியே. மைடாஸ் கதறி அழுது, பாக்டோலஸ் ஆற்றில் முழுகித்தான் அந்த வரத்தைத் தொலைத்தான். ஒருவன் பட்டினியில் அழுத அழுகையை உலகம் பாராட்டாக்கி வைத்திருக்கிறதே, அதுதான் என் மனசை உறுத்துகிறது.

பொன் வந்த இன்னொரு கதைக்குச் சோழநாட்டுத் திருப்புகலூருக்கு வாருங்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். திருவாரூரில் பங்குனி உத்திரத்தில் சுந்தரரின் மனைவி பரவையார் வாரி வழங்கப் பொன் வேண்டும். அதற்காகப் புறப்பட்டு வந்த சுந்தரர், திருப்பணிக்கு வைத்திருந்த செங்கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். விழித்தபோது செங்கல் பொன்னாகியிருந்தது. வந்த பொன் திருவாரூருக்குப் போயிற்று. யார் பசியையும் அது கூட்டவில்லை.

அதே கோயிலில்தான் சுந்தரர் காலத்துக்கு முன்னே அப்பர் சுவாமிகள் புல் செதுக்கினார். கிரானைட் அறுக்கிற பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கல்லுக்கு என்ன விலை, அதை அறுக்கும் கைக்கு என்ன கூலி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பருக்கு அன்று யாரும் கூலி பேசவில்லை. அவர் செதுக்கிய மண்ணில் பொன்னும் மணியும் மின்னின. எது பொன், எது பருக்கைக்கல் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் புல் செதுக்கும் உழவாரப் படையில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். அடுத்த புல்லுக்குக் குனிந்தார்.