யார் விட்ட புகை?

பெயர் எல்லா. வயது ஒன்பது. ஊர், இலண்டன் மாநகரின் தென்கிழக்கே உள்ள லூயிஷம். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் மூச்சு முட்டி மாண்டாள் அந்தச் சிறுமி.

ஆஸ்துமா என்றனர். மூன்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ முப்பது தடவை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை அவள். 2014-இல் மரண விசாரணை நடந்தது. மூச்சு உறுப்புகள் செயலிழந்தமையால் ஏற்பட்ட இறப்பு என்று எழுதி, ஏட்டை மூடினர்.

ஏடு மூடப்பட்டது; ஆனால் தாயின் கண் மூடவில்லை! ரோசமண்ட் அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற அந்த அம்மையார் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். "மூச்சு நின்றது, சரி, ஏன் நின்றது?" என்பதே அவர் எழுப்பிய கேள்வி. 'தலைவிதி' என்று சொல்லி நெஞ்சைத் தேற்றிக்கொள்ள அவர் இணங்கவில்லை. காரணம் கேட்டார்.

அவர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து சுமார் 25 மீட்டர் தொலைவிலே, தென் வட்டச் சாலை. இரவும் பகலும் ஊர்திகள் ஓயாத பெருஞ்சாலை அது. சிறுமிக்கு மூச்சுத் திணறல் கண்ட நாட்களையும், அருகில் இருந்த அளவைக் கருவிகள் நச்சுக்காற்று மிகுந்ததாகக் காட்டிய நாட்களையும் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட் ஒப்பு நோக்கினார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று 2018-இல் அறிக்கை தந்தார். 2019-இல் உயர்நீதிமன்றம் பழைய முடிவைத் தள்ளிற்று. மறு விசாரணை நடந்தது. 2020 டிசம்பர் 16 அன்று, அச்சிறுமியின் மரணக் காரணங்களுள் ஒன்றாக 'காற்று மாசு' என்று எழுதப்பட்டது. பிரிட்டனில் ஒரு மனித உயிரின் மரணக் காரணமாக அச்சொல் ஏடேறியது அதுவே முதல் முறை.

ஏழாண்டுப் போராட்டம், ஏட்டிலே ஒரு சொல்லை ஏற்றுவதற்கு! ஒரு சொல்தானே என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே. நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைக்கும் தொழிலைச் செய்கிறோம் நாம். ஒரு பெயருக்கு மறுமொழி வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்பது நம் வழக்கம். அந்தத் தாய் கேட்டதும் அதே கேள்விதான். அதை ஊராரிடமும் அரசிடமும் கேட்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. இனி அடுத்த கேள்வி எழுகிறது. கொன்றவர் யார்?

அந்தச் சாலையிலே சென்ற காரோட்டியா? அவர் விட்ட புகை ஒரு நொடிப் புகை. அதனால் ஒரு குழந்தை சாகாது. பின்னால் வந்த லாரியா? அதுவும் ஒரு நொடிதான். ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுங்கள். ஒவ்வொருவரும் குற்றமற்றவராகவே இறங்கி வருவர். எல்லோரும் குற்றமற்றவர், ஆனால் குழந்தை பிணம்! இது எந்த ஊர் நீதி?

பாட்டி சொன்ன கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அரசன் ஒருவன் ஊரிலே பெரிய தொட்டி கட்டினான். வீட்டுக்கொரு குடம் பால் இரவுக்குள் ஊற்றவேண்டும் என்றான். "ஆயிரம் குடம் பாலிலே என் ஒரு குடம் தண்ணீர் தெரியவா போகிறது?" என்று ஒருவன் எண்ணினான். விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர்! அந்த ஒருவன் எண்ணியதை ஊரே எண்ணியிருந்தது. இன்றைய நகரத்துக் காற்று அந்தத் தொட்டிதான். என் வண்டிப் புகை தெரியவா போகிறது என்று ஊரே எண்ணுகிறது. ஆனால் கதையிலே ஏமாந்தவன் அரசன். இங்கே ஏமாறுவது, மூச்சு விடுவதைத் தவிர வேறொரு குற்றமும் செய்யாத பிள்ளை.

குற்றத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொண்டால், பங்கு குறையக் குறையக் குற்றமே இல்லாமல் போய்விடுமா? போகாது என்பதே நம் முடிவு. ஆனால் எல்லோர் பங்கும் ஒரே அளவு என்று சொல்வதும் நேர்மையாகாது. அறிந்தவன் பொறுப்பு, அறியாதவன் பொறுப்பைவிடப் பெரிது. மாற்றும் ஆற்றல் உடையவன் பொறுப்பு, வேறு வழியற்றவன் பொறுப்பைவிடப் பெரிது. அறிவும் ஆற்றலும் எங்கே குவிந்துள்ளனவோ, அங்கேதான் பொறுப்பும் குவிகிறது. இந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

1920-களில் அமெரிக்காவிலே பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கத் தொடங்கினர். இயந்திரம் இடிப்பின்றி ஓடும் என்பது இலாபம். ஈயம் நஞ்சு என்பது அன்றே அறிந்த செய்தி; 1924-இல் நியூஜெர்சியில் அந்தக் கலவையைச் செய்த தொழிற்சாலையிலே தொழிலாளர் பித்துப் பிடித்து மாண்டனர். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் அந்த நஞ்சு, உலகத்துத் தெருக்களிலெல்லாம் ஊர்திப் புகையாக வந்துகொண்டே இருந்தது. இந்தியா அதை நிறுத்தியது 2000-இல். உலகிலே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். அறிந்த நாளுக்கும் திருந்திய நாளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு! இதில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போன எளியவன் பங்கு எவ்வளவு, அறிந்தே விற்றவன் பங்கு எவ்வளவு? நீங்களே எடை போடுங்கள்.

இன்னொன்று. 2015 செப்டம்பரில் வெளியான செய்தி. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களிலே ஒரு தந்திரத்தைப் புதைத்து வைத்திருந்தது. சோதனைக் கூடத்திலே நிற்கிறோம் என்று தெரிந்தால், காரில் உள்ள கணிப்பொறி புகையை அடக்கிக்கொள்ளும். தெருவுக்கு வந்துவிட்டால் அடக்கத்தை அவிழ்த்துவிடும்! அமெரிக்கச் சட்டம் வகுத்த எல்லையைப் போல் நாற்பது மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவந்தன. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் ஊர்திகளில் இந்தக் கபட வேடம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் நல்ல பிள்ளையாகக் கைகட்டி உட்காரும் மாணவனை நாம் அறிவோம். அவனுக்காவது வயது பத்து!

அரசுகளும் தப்பவில்லை. கரியமில வாயு குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து, 2001 முதல் டீசல் கார்களுக்கு வரியிலே சலுகை காட்டிற்று பிரிட்டன். அந்த டீசல் கக்கிய நைட்ரஜன் டை ஆக்சைடு, எல்லா வாழ்ந்த பகுதியிலே சட்டத்தின் எல்லையைத் தாண்டி நின்றது. அதைவிடக் கொடுமை, காற்றின் கேட்டையும் அதற்கும் தன் மகள் நோய்க்கும் உள்ள தொடர்பையும் அந்தத் தாய்க்கு எவரும் எடுத்துச் சொல்லாதது. சொல்லியிருந்தால் அவர் மகளைக் காக்க வழி தேடியிருப்பார் என்று விசாரணை அதிகாரியே பதிவு செய்தார். அறிவு ஒருபுறம் கிடந்தது. ஆபத்து மறுபுறம் கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க ஆளில்லை.

இந்த இடத்திலே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "ஆகா! அறிவியலின் முகத்திரையைக் கிழித்துவிட்டீர்! மோட்டார் வேண்டாம், மாட்டு வண்டிக்குத் திரும்பலாம் என்கிறீரா?" என்பார். இல்லை, நண்பரே. பஸ்ஸும் இரயிலும் வந்த பிறகே, 'தள்ளி நில்' என்று சொன்னவன் அருகே, அதே இருக்கையிலே, டிக்கெட் வாங்கியவன் எல்லாம் உட்கார முடிந்தது. அந்த நன்மையை மறப்பவரல்லர் நாம். ஊர்தி நமக்குப் பகையன்று, புகைதான் பகை.

அந்தப் புகையைக் காட்டிக் கொடுத்ததும் அறிவியலே. 1943-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியும் மூட்டம் ஒன்று சூழ்ந்தபோது, போர்க்காலம் ஆதலால், பகைவர் வீசிய நச்சுக்காற்றோ என்று மக்கள் அஞ்சினர். ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அந்த மூட்டத்தை ஆராய்ந்தார். ஊர்திப் புகையும் பிற எரிபொருள் ஆவிகளும் வெயிலிலே வினைபட்டு இந்த நஞ்சாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். பகைவன் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக் கொட்டகையிலே நின்றான்! சட்டம் வந்தது. 1975 முதல் அமெரிக்கக் கார்களிலே, புகைக்குழாயினுள் நஞ்சை மாற்றி வெளிவிடும் வினையூக்கிக் கருவி பொருத்தப்பட்டது. ஈயம் அந்தக் கருவியைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. முடியாது என்றவர்களே முடித்துக் காட்டினர், சட்டம் முதுகுக்குப் பின்னே நின்றதால்!

அடுத்த கேள்வி கடினமானது; அதைத் தட்டிக் கழிக்கலாகாது. சீர்திருத்தத்தின் சுமையைச் சுமப்பவன் யார்? பழைய வண்டி வைத்திருப்பவன் பெரும்பாலும் ஏழை. புதிய விதி வந்தால் முதலில் அடிபடுவது ஆட்டோ ஓட்டுபவன், சிறு சரக்கு ஏற்றுபவன்.

டில்லியைப் பாருங்கள். வழக்குரைஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கிலே, 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: 2001 மார்ச் 31-க்குள் நகரப் பேருந்துகள் யாவும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும். ஆயத்தம் செய்யவேண்டியவர்கள் அசைந்து கொடுக்கவில்லை. நாள் வந்தது, பேருந்துகள் போதவில்லை, எரிவாயு நிலையங்களிலே நீண்ட வரிசை, கால்கடுக்க நின்றவன் ஏழை. 2002 இறுதியில் மாற்றம் முடிந்தது. கரும்புகை கக்கிய பேருந்துகள் மறைந்தன. ஆனால் சொந்தக் கார்களும் இருசக்கர ஊர்திகளும் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போயின. பெற்ற பயன் கரைந்தது. பேருந்தைத் திருத்தினர், கார்களின் பெருக்கத்தைத் தொடவில்லை. டில்லி தரும் பாடம் இது.

இலண்டனிலோ, 2019-இல் நகரின் நடுப்பகுதியில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநகர் முழுமைக்கும் ஒரு விதி பரவிற்று. மாசு விதிக்கு அடங்காத கார் ஓடினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுன் கட்டணம். எதிர்ப்பு எழுந்தது, கண்காணிப்புக் கருவிகளை உடைத்தவர்களும் உண்டு. பழைய வண்டியைக் கைவிடுவோருக்கு உதவித்தொகை தந்தனர். அத்தொகை போதுமா என்ற வாதம் நடந்தது. நடக்கவேண்டிய வாதமும் அதுதான். நைட்ரஜன் டை ஆக்சைடு குறைந்தது என்பது மட்டும் அளந்தறிந்த உண்மை.

ஆகவே நாம் சொல்வது: ஏழையைக் காட்டிச் சீர்திருத்தத்தைத் தடுக்காதே, சீர்திருத்தத்தைக் காட்டி ஏழையை மிதிக்காதே! நச்சுக்காற்றை மிகுதியாக விழுங்குபவனும் ஏழைதானே? சாலையோரத்திலே கடை போட்டவள், சிக்னலிலே பூ விற்பவள், பேருந்து நிறுத்தத்திலே நிற்பவன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவதற்கு இவர்களிடம் கார் இல்லை. புகையை விடுபவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்று இருக்கும்வரை, இது உடல்நலக் கேள்வி மட்டுமன்று, சமநீதிக் கேள்வி.

நம் நாட்டிலே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி ஆறுக்கே தாவினோம். எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பெருமைப்படலாம். ஆனால் எல்லைக்கோட்டைப் பாருங்கள்! தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள், மூக்கின் காவலைத் தாண்டி நுரையீரலின் ஆழத்துக்கும் அங்கிருந்து குருதிக்கும் செல்வது. கனமீட்டர் காற்றில் அதன் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்றது உலக நலவாழ்வு நிறுவனம், 2021-இல். இந்தியா 2009-இல் வகுத்த எல்லை 40. எட்டு மடங்கு! இந்தியப் பிள்ளையின் நுரையீரல் இரும்பினாலா ஆயது?

மின்சார ஊர்தி வந்தால் எல்லாம் தீர்ந்தது என்பாரும் உளர். புகைக்குழாய் ஒழியும், மகிழ்ச்சி. ஆனால் டயர் தேய்ந்தும் பிரேக் உராய்ந்தும் எழும் துகள் ஒழியாது. நாற்பது பேர் நாற்பது ஊர்தியில் போவதைவிட ஒரே பேருந்தில் போவது, எந்த எரிபொருளானாலும் மேல். 2021-இல் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. அது காற்றுக்காக வந்த திட்டமன்று. எனினும், கூட்டாகச் செல்லும் வழியை எளியோர்க்குத் திறந்துவிடுவதே காற்றுக்கும் மருந்து என்பதை அது நினைவூட்டுகிறது. பேருந்து நிறைய வேண்டும், நேரத்துக்கு வரவேண்டும், நடப்பவனுக்கு நடைபாதை வேண்டும். இவை சலுகையல்ல, கடமை.

நம் பள்ளி வாயிலிலே மாலைதோறும் ஒரு காட்சி. பிள்ளைகளை அழைத்துப் போக வந்த பெற்றோரின் வண்டிகள், இயந்திரம் அணைக்கப்படாமல் உறுமி நிற்கும். புகைக்குழாயின் உயரத்துக்குச் சற்று மேலேதான் முதல் வகுப்புப் பிள்ளையின் மூக்கு. பெற்ற பிள்ளையை அன்போடு ஏற்றிக்கொள்ளும் அதே கை, பக்கத்துப் பிள்ளைக்கு நஞ்சூட்டுகிறது; அறியாமல்தான். நாமும் இருசக்கர வண்டியில் வருபவரே. அந்த வரிசையிலே அணைக்காமல் நின்றவரே. எல்லாவின் வரலாற்றைப் படித்த பின்பு அணைக்கிறோம். அணைக்கச் சொல்கிறோம். சிலர் சிரிக்கின்றனர்; சிலர் அணைக்கின்றனர்.

அதனால் காற்று தூய்மையாகிவிடுமா? ஆகாது. ஒருவன் ஒரு குடம் பால் ஊற்றினால் தொட்டி பாலாகாது. ஆனால் பால் ஊற்றியவனுக்குத்தான், "தண்ணீர் ஊற்றியவன் யார்?" என்று உரக்கக் கேட்கும் தகுதி உண்டு. இளைஞர்களே, அந்தத் தகுதியைப் பெறுங்கள், பிறகு கேளுங்கள். எங்கள் ஊர்க் காற்றை அளக்கும் கருவி எங்கே? அது காட்டும் கணக்கைச் சாலையோரத்துக் கடைக்காரிக்கும் புரியும் தமிழிலே எழுதி வைக்காதது ஏன்? பேருந்து எங்கே? நடைபாதை எங்கே?

ஒரு தாய் ஏழாண்டுகள் கேட்டார், ஏடு மாறியது. மகள் திரும்பவில்லை. அடுத்த பிள்ளையின் பெயருக்கு வகுப்பறையிலே மறுமொழி வரவேண்டுமானால், நாம் இப்போதே கேட்கவேண்டும்.