இரு சிலுவைகள் பொறித்த கல்லறை

போரில் வீரம் காட்டியவரைக் கிறிஸ்தவர் போற்றலாமா? போற்றினால் அந்தப் போரையும் போற்றியவர் ஆவாரா? அமைதியின் அரசரைப் பின்பற்றும் நம்மை விட்டு அகலாத கேள்வி இது. ஒரு கல்லறை இதற்கு விடை தேட உதவும்.

பெல்ஜியம் நாட்டில், ஈப்பர் நகருக்கு மேற்கே பிராந்தூக் என்னும் சிற்றூரில், முதல் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. வரிசையாக நிற்கும் வெண்கற்களுள் ஒன்றில் மட்டும் இரண்டு விக்டோரியா சிலுவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரித்தானியப் படையின் மிக உயர்ந்த வீர விருதாகிய அதனை இருமுறை பெற்றோர் வரலாற்றில் மூவரே. அவர்களுள் ஒருவரான கேப்டன் நோயல் ஷவாஸ் இங்கே துயில்கிறார். லிவர்பூல் ஆங்கிலிக்கன் ஆயரின் மகன், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர், தொழிலால் மருத்துவர்.

1916 ஆகஸ்டு 9ஆம் நாள், பிரான்சின் கியமோன் என்னுமிடத்தில், குண்டு மழையின் நடுவே பகல் முழுவதும் காயமுற்றோருக்கு மருந்திட்டார். இரவில் எதிரியின் அகழிகளுக்கு முன்னே நான்கு மணி நேரம் உயிருள்ளோரைத் தேடினார். மறுநாள் தாமே காயமுற்றும், அன்றிரவு தொண்டர் இருபது பேருடன் சென்று, எதிரியின் அகழிக்கு 25 கெஜ தூரத்தில் கிடந்த மூவரை மீட்டார். இறந்தோர் பலரின் அடையாளத் தகடுகளையும் திரட்டி வந்தார். பெயரற்றவராய் எவரும் மண்ணோடு மண்ணாகக் கூடாது என்பதற்காகவும் ஒருவர் உயிரைப் பணயம் வைப்பார் போலும்! இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என நாம் ஞானோபதேசத்தில் படித்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

1917 ஜூலை 31 அன்று ஈப்பருக்கு அருகே தொடங்கிய பெருந்தாக்குதலில் அவர் தொடக்கத்திலேயே கடுமையாகக் காயமுற்றார். ஆயினும் இரண்டு நாட்கள், ஏறக்குறைய உணவே இன்றி, பணியிடத்தை விட்டு அகல மறுத்தார். ஆகஸ்டு 4 அன்று, 32ஆம் வயதில், உயிர் நீத்தார்.

ஆயினும் நெஞ்சில் ஒரு நெருடல் எஞ்சுகிறது. மருத்துவர் குணமாக்கிய வீரன் மீண்டும் துப்பாக்கி ஏந்தி அகழிக்கே திரும்புகிறான். அப்படியெனில் அவருடைய இரக்கமும் போருக்குத்தான் பயன்பட்டதா? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நல்ல சமாரியரை எண்ணிப் பாருங்கள். குற்றுயிராய்க் கிடந்தவரின் காயங்களைக் கட்டுமுன், குணமான பின் இவர் என்ன செய்வார் என்று அவர் கேட்கவில்லை. துடிக்கும் மனிதருக்கு முன் முதற்கடமை இரக்கமே.

எனினும் அவ்வழியில் கள்வர் திரிவது ஏன் என்று கேட்கும் கடமையும் திருச்சபைக்கு உண்டு. ஷவாஸ் காயத்தோடு பணிபுரிந்த அதே நாட்களில், 1917 ஆகஸ்டு 1ஆம் நாளிட்டு, திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு அமைதி வேண்டி மடல் வரைந்தார். அவர்கள் செவிசாய்க்கவில்லை. போர் அடுத்த ஆண்டு நவம்பர்வரை நீடித்தது. களத்தில் ஒருவர் காயங்களைக் கட்டினார். உரோமையில் மற்றொருவர் காயங்களே நேராதிருக்க வழி தேடினார். முன்னவரைப் புகழ்ந்து பின்னவரை மறப்போமானால், நம் புகழ்ச்சி போருக்கு அணிகலனாகிவிடும்.

ஷவாசின் கல்லறையில், நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று யோவான் நற்செய்தியில் ஆண்டவர் கூறும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உயிரைக் கொடுப்பதைப் பற்றியே அவர் பேசினார், எடுப்பதைப் பற்றியன்று. போர்க்களத்தில் எது வீரம் என்பதை அளக்க நமக்கு இந்த அளவுகோல் போதும்.

நோயலின் இளைய தம்பி எய்டனும் அதே ஜூலையில் ஈப்பர் களத்தில் காணாமற்போனார். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரிடையே அவர் பெயர் உள்ளது. ஒரே இல்லத்தில் ஒரு மகனுக்கு இரு சிலுவைகள் பொறித்த கல்; மற்றவனுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. மனிதர் தரும் மதிப்பில்தான் இந்த வேறுபாடு. இறைவனின் உள்ளங்கையில் இருவர் பெயரும் உள்ளன. இறந்தோருக்காக மன்றாடும்போது, பதக்கம் பெற்றவரோடு பெயரறியாதவரையும், நம்மவரோடு பகைவரெனப்பட்டவரையும் நினைவுகூர்வோம்.