புதையலும் புதைகுழியும்

புதைத்தல் என்னும் ஒரே வினையடியிலிருந்து புதையல் என்ற சொல்லும் புதைகுழி என்ற சொல்லும் பிறந்திருக்கின்றன என்பதை, இத்தனை ஆண்டுகள் தமிழோடு பழகியும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. கெடா மாநிலத்துச் செர்டாங்குக்கு அப்பால், ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்து இன்று செம்பனை மண்டிக் கிடக்கும் ஒரு தோட்டத்தின் எல்லையில், கைப்பேசியைக் கையில் ஏந்தியவனாய் என் தம்பி மகன் நின்று, "பெரியப்பா, கொள்ளுத்தாத்தாவை எந்த இடத்தில் புதைத்தார்கள்?" என்று கேட்ட அன்றுதான் அவ்விரு சொற்களின் உறவு என் நெஞ்சில் தைத்தது.

அவன் ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டைக் கற்று வந்திருந்தான். துணைக்கோள்களின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித் தந்துவந்த வழக்கத்தை அமெரிக்க அரசாங்கம் 2000 மே மாதத் தொடக்கத்தில் கைவிட்டதும், ஓரிரு நாளிலேயே ஓரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒருவர் சில பொருள்களை ஒளித்துவைத்து அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டில் இன்று பூமியெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் மறைந்திருக்கின்றன. தேடிக் கண்டவர் உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரை எழுதிப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளிருந்து ஒன்றை எடுத்தால் அதற்கு நிகரான ஒன்றை வைக்க வேண்டும். ஆதிக் குடியேறிகளின் பழைய மயானங்களிலோ, இடத்தை நேராகச் சொல்லாமல், இன்ன கல்லறையில் பொறித்த பிறப்பாண்டின் கடைசி இலக்கத்தையும் அடுத்த கல்லறையின் இறப்பாண்டையும் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கும்படி அமைப்பதும் உண்டாம். பெட்டிக்காக வந்தவர், தம்மை அறியாமலே, பிறந்த ஆண்டிலேயே இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரை நின்று வாசித்துவிடுகிறார்.

"நம் தோட்டத்து இடுகாட்டிலும் அப்படி ஒன்று செய்யலாமே" என்றான் அவன். கூட்டிக் கழிப்பதற்கு ஆண்டுகள் எங்கே இருக்கின்றன? பினாங்கு நகரத்துப் பழைய புரொட்டஸ்டண்ட் மயானத்துக்குப் போனால், 1794இல் மறைந்த பிரான்சிஸ் லைட் இன்ன இடத்தில் உறங்குகிறார் என்பதைக் கல் சொல்லும். அதே பினாங்கின் வழியாக, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஜெரஜாக் தீவின் தனிமைக் காவலில் அடைபட்டிருந்து, ஆள்கட்டி வந்த கங்காணியின் பின்னால் மூட்டை முடிச்சோடு நடந்து கெடாவின் காடுகளுக்குள் புகுந்து, மலேரியாக் காய்ச்சலுக்கும் அட்டைக்கும் இரத்தத்தைக் கொடுத்துக்கொண்டே காடழித்துப் பால்மரம் நட்டவர்களுக்கு வாய்த்ததெல்லாம் ஒரு மண்மேடும், தலைமாட்டில் ஊன்றிய ஒரு கட்டையுமே. கட்டையைக் கறையான் தின்றது, மேட்டை மழை கரைத்தது. சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்து, கங்காணி மூலம் ஆள்கட்டுவதும் 1938இல் நின்றுபோனது என்று வரலாறு ஆண்டு குறித்து வைத்திருக்கிறது. அந்த முறைகளில் வந்தவர்கள் மாண்ட ஆண்டுகளை நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கல்லும் குறிக்கவில்லை.

இங்கேதான் சைவ நெறியில் வளர்ந்த என் மனத்தில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. ஆன்மா நித்தியம், தேகம் அநித்தியம் என்று கொண்ட பின், உதிர்ந்த தேகம் கிடந்த மண்ணைத் தேடுவானேன்? உடம்பு சட்டையென்றால், கழற்றி எறிந்த சட்டை எந்த முள்ளில் சிக்கியிருக்கிறது என்று துருவுவது ஞானமாகுமா? இறந்தவனுக்கு நினைவுக்கல் எழுப்பாமல், எரித்த சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுவதே பற்றறுக்கும் வழி என்றல்லவா நம்மில் பலரும் கருதுகிறோம்?

நெடுநாள் இதைச் சிந்தித்து நான் கண்ட விடை இது. சித்தாந்தம் இறைவன் உயிருக்கு அருளும் நான்கினை எண்ணும்போது தனு, கரணம், புவனம், போகம் என்று சொல்கிறது. உடம்பு தரப்பட்டதைப் போலவே இடமும் தரப்பட்டது. ஆகையால், இந்தச் செம்மண், இந்தக் கிரியான் ஆற்றுப் பக்கத்து ஈரக்காற்று, விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற குளிர், இவையும் அந்த உயிர் வினை தீர்ப்பதற்கென வாய்த்த சாதனங்களே. உயிர் இவற்றை விட்டுப் போய்விட்டது. அதற்கு இனி இவ்விடம் வேண்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் திருத்திய மண்ணில் விளைந்ததை உண்டு வளர்ந்த நமக்கு இவ்விடம் இன்னும் புவனமாகவே இருக்கிறது. அதை யார் கையிலிருந்து பெற்றோம் என்பதை அறியாமலிருப்பதைப் பற்றறுத்தல் என்று அழைத்தால், மறதிக்குத் துறவின் காவியை உடுத்தியவர்களாவோம்.

நம் சமயமும் இடத்தை அப்படி அலட்சியம் செய்ததில்லை. சித்தர்களின் சமாதிமேல் விளக்கெரிகிறது. தொல்காப்பியமோ போரில் பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுக்கிறது. முதற்படியாகிய காட்சி, தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. தேடுதலே அச்சடங்கின் தொடக்கம் என்பதை நினைக்கையில், கைப்பேசியோடு புதரை விலக்கிக்கொண்டிருந்த அப்பிள்ளை எனக்கு விளையாடுகிறவனாகத் தோன்றவில்லை.

இடமே இல்லாமல் போனவர்களைப் பற்றி என்ன சொல்வது? ஜப்பானிய ஆட்சியில், 1942லும் 1943லும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கென இந்தத் தோட்டங்களிலிருந்து லாரிகளிலும் சரக்கு ரயில்களிலும் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள், வாந்திபேதியிலும் பட்டினியிலும் மடிந்து காட்டோடு காடாய்ப் போனார்கள். காஞ்சனபுரியின் போர் மயானத்தில் ஏறத்தாழ 7000 நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகள் வரிசை பிசகாமல் இருக்கின்றன. அந்த மயானத்தைப் பராமரிக்கும் ஆணையமே, அப்பாதையில் மாண்ட குடிமக்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. நேரில் எண்ணிவிடக்கூடிய கல் ஒருபுறம், மதிப்பிட மட்டுமே முடிகிற உயிர் மறுபுறம்! அவர்களுக்காகவே ஏற்பட்டதோ என்னும்படி, தர்ப்பண விதியின் முடிவில், தாயோ தந்தையோ உற்றாரோ நண்பரோ இல்லாமல் போனவர்களுக்கென்று ஒரு கை நீர் விடப்படுகிறது. அந்தக் கை நீரின் கருணையை நினைத்து நான் கண்கலங்கியதுண்டு. ஆயினும், பெயர் சொல்லி விடத்தக்க நீரையெல்லாம் சோம்பலினால் அந்தக் கடைசிக் கையிலேயே சேர்த்துவிட நமக்கு அதிகாரமில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே நிலம் வாங்கலாம் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அச்சங்கம் முதலில் வாங்கியது இதே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான். உயிரோடு இருப்பவர்களுக்காக அப்படி யோசித்த சமூகம் இடுகாட்டுக்குப் பட்டா கேட்க மறந்துவிட்டது. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்காகக் குரல் எழுகிறது, தமிழ்ப்பள்ளிக்காகக் குரல் எழுகிறது. லயம் கலைந்து மக்கள் பட்டணத்துக்குப் போன பின் இடுகாட்டுக்காகப் பேச ஆளிருப்பதில்லை.

அன்று மாலை, தோட்டத்தில் எஞ்சியிருந்த மூதாட்டி ஒருவர் கோலூன்றி எங்களோடு வந்தார். "இந்த மேட்டுல மாரியம்மா, தம்பி. பிரசவத்துல போனா. அதோ, அந்த வடிகாலுக்கு இந்தாண்ட அவ புருசன்" என்று அவர் காட்டக் காட்ட, பையன் ஒவ்வோரிடத்திலும் நின்று இலக்கங்களைக் குறித்துக்கொண்டான். பதினொரு இடம் ஆயிற்று. இருள் கவிந்ததால் திரும்பினோம். வடிகாலுக்கு அப்பாலும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகாளய அமாவாசைக்கு முன்பே போய்விட வேண்டும். அவருக்கு வயது எண்பத்தேழு.