வீட்டுப் புரோக்கருக்கு வந்த அன்பளிப்பு



போன வாரம் இஷாவுக்குப் பிறகு நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் வந்து உட்கார்ந்தார். ஆறு மாதத்திற்கு முன் 48 லட்சத்திற்கு வீடு வாங்கியவர். வீடு பார்த்து, விலை பேசி முடித்துக் கொடுத்த புரோக்கருக்கு 2 சதவீதக் கமிஷன், 96 ஆயிரம் ரூபாயை, பத்திரம் பதிந்த அன்றே கொடுத்துவிட்டார். இப்போது ஒரு வலீமாவில் வீட்டை விற்றவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: "நான் 47-க்கே இறங்கியிருப்பேன் பாய். உங்க ஆளுதான் 'இறங்காம நில்லுங்க, முடிச்சுத் தர்றேன்'னாரு. அந்த சந்தோஷத்துல அவருக்கு 50 ஆயிரம் கொடுத்தேன்."

புரோக்கரைக் கேட்டால், "நான் கேட்கல ஹஜ்ரத், அவராத்தான் கொடுத்தார். அன்பளிப்பு வாங்குறது சுன்னத்துதானே?" என்கிறார். அவரும் நம் பள்ளியில் தொழுகிறவர்தான்.

சுன்னத்துதான். நபி (ஸல்) அவர்கள் ஹதியாவை ஏற்றுக்கொண்டார்கள், பதிலுக்கும் கொடுத்தார்கள். அன்பளிப்பால் நேசம் வளரும் என்றும் சொன்னார்கள். அதே நபியவர்கள்தான், ஸகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது மிம்பரில் ஏறினார்கள். தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது இவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியில் வருகிற ஹதீஸ் இது. அவர் யாரையும் மிரட்டியதாகவோ, கேட்டு வாங்கியதாகவோ அதில் இல்லை. தானாக வந்ததுதான், ஆனால் அவருக்காக வரவில்லை, அவர் இருந்த இடத்துக்காக வந்தது.

நம் புரோக்கர் சகோதரர் அந்த வீட்டு விஷயத்தில் தலையிடாமல் இருந்திருந்தால், முன்பின் தெரியாத ஒருவர் அவருக்கு 50 ஆயிரம் கொடுத்திருப்பாரா?

ஒருவருக்காகப் போய்ப் பேசுகிறவர் ஷரீஅத்தில் அவருடைய வகீல், அமானிதம் சுமந்தவர். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபியவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார். திறமை அவருடையது, அலைச்சலும் அவருடையது. ஆனாலும் லாபத்தை அனுப்பியவரிடம் வைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக நபியவர்கள் துஆ செய்தார்கள். நம் கதையில் அனுப்பியவருக்கு ஒரு லட்சம் நஷ்டம்.

புரோக்கர் தொழில் செய்யும் சகோதரர்கள் மனம் வருந்த வேண்டாம். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) சொல்கிறார்கள்: நாங்கள் தரகர்கள் என்று அழைக்கப்பட்டோம், நபியவர்கள் எங்களை வியாபாரிகள் என்று அதைவிட அழகான பெயரால் அழைத்தார்கள். கூடவே, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுகின்றன, ஸதகாவைக் கலந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். அலைச்சலுக்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது பல ஊர்களில் வழக்கம். இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்து, சம்மதித்திருந்தால் அது கூலி. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் வாங்கினால், அதற்கு ஹதியா என்று பெயர் வைக்க எனக்கு நாக்கு வரவில்லை.

இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு ரமளானில், மனை விற்கும் ஒருவர் எனக்கு ஜிப்பாத் துணியும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தார். மகிழ்ந்து வாங்கினேன். ஷவ்வாலில் வந்து, "பயான்ல நம்ம மனையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். துணி அதற்குள் தைத்தாகிவிட்டது. விலையைக் கணக்குப் பார்த்துப் பணமாகக் கொடுத்தேன், அவர் கோபித்துக்கொண்டார்.

வாங்கியவரும் விற்றவரும் நேரடியாகக் கொடுத்துக்கொள்வதில் இந்தச் சிக்கல் குறைவு. குடிபுகும் அன்று விற்றவர் வீட்டுக்கு ஒரு தட்டு பிரியாணி போகட்டும். விற்றவர் மோட்டாரைக் கழற்றாமல் விட்டுப் போகட்டும். (அக்ரிமெண்ட்டில் மோட்டார் என்று எழுதியிருந்தால் அது ஹதியா இல்லை, விற்ற பொருள்!) ஆனால் பாக்கிப் பணத்துக்குத் தவணை கேட்டு, அதற்காக அன்பளிப்பு கொடுப்பது வேறு. கடன்பட்டவர் கொடுக்கும் ஒரு சுமை வைக்கோலைக்கூட வாங்காதே, அது வட்டி என்று அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) எச்சரித்திருக்கிறார்கள்.

புரோக்கர் சகோதரரிடம் பேசினேன். வாங்கியவரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், பணத்தை அவர் முன்னால் வையுங்கள், அவர் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தால் வேறு விஷயம் என்றேன். பதில் பேசாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து ஃபஜ்ருக்கு வந்தவர், "பாதி செலவாயிடுச்சு ஹஜ்ரத், மீதியைத் தவணையில தரலாமா?" என்று கேட்டார். அதை அவரிடம் கேளுங்கள் என்றேன். நேற்று மஃரிபில் இருவரும் ஒரே ஸஃப்பில் நின்றார்கள்.