வகுப்பறையில் படைப்பும் கூர்ப்பும்

இறைவன் உலகைப் படைத்தான் என்று சைவசமய பாடத்திற் கற்கும் பிள்ளை, உயிரினங்கள் படிப்படியாகக் கூர்ப்படைந்தன என்று விஞ்ஞான பாடத்திற் கற்கின்றது. எது மெய் என்று அது வினவினால் பெற்றோராகிய நாம் யாது விடை பகர்வோம்?

கோணமாமலைக்கு அப்பால் விரிந்த கடலையே சான்றாகக் கொள்வோம். அங்கு உலாவும் நீலத்திமிங்கிலம் மீனன்று; காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டும் முலையூட்டி. பின்னங்கால் இல்லாத அதன் உடலினுள் சிறிய இடுப்பென்பு இன்றும் எஞ்சியுள்ளது. அதன் மூதாதையர் நான்கு காலில் நிலத்தில் நடந்தவை என்பதை, பாகிஸ்தானிற் கிடைத்த ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையான உயிர்ச்சுவடுகள் காட்டுகின்றன. இவற்றைப் பிள்ளைகளுக்கு மறைத்தல் தகாது. 2023இல் இந்திய மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து கூர்ப்பு நீக்கப்பட்டபோது, 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு எதிர்த்தனர்.

அதற்காகச் சமயத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சைவசித்தாந்தம் குடத்தை உவமை காட்டும். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்கு முறையே மாயை, சக்தி, சிவன். மண் எவ்வாறு குடமாயிற்று என்று ஆராய்வது விஞ்ஞானம். யாரால், எதற்காக என்று வினவுவது சமயம். உயிர்கள் மலம் நீங்கி உய்வதற்காக என்பது நமது விடை. அவ்விடையை ஆய்வுகூடத்தில் அளக்க இயலாது. ஆதலால் அதற்குரிய இடம் சமய பாடமே.

சிவபுராணம் கூறும் பிறவி வரிசைதான் டார்வின் 1859இல் எழுதியது என்று மேடைகளிற் பெருமை பேசுவதும் பொருந்தாது. மணிவாசகர் பாடியது ஓர் உயிரின் பிறவித் துன்பம். டார்வின் ஆராய்ந்தது உடல்களின் மாற்றம்.

இரண்டையும் அவ்வவ் வகுப்பிற் செவ்வனே கற்கும்படி நம் பிள்ளைகளுக்குக் கூறுவோம். உண்மையைக் கண்டு அஞ்சாத பக்தியை எம்பெருமான் அவர்களுக்கு அருள்வாராக.