கார்த்திகைப் பெண்களுக்கு நாம் கடன்பட்டவர்களா?

ஓம் சரவணபவ.



போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கார்த்திகைப் பெண்கள்னு நாம கும்பிடுறது எரியிற வாயு உருண்டைங்கதானே? அதுங்க நமக்காக எரியலையே. நமக்காகச் செய்யாத ஒண்ணுக்கு எதுக்கு நன்றி சொல்லணும்?" நாலு பேர் கோபப்பட்டாங்க. ரெண்டு பேர் வேல் ஸ்டிக்கர் போட்டாங்க. பதில் மட்டும் யாரும் சொல்லல.

எனக்கு அது கிண்டலாகத் தெரியல. நல்ல கேள்வி. அதுக்குப் பதில் தேடணும்னா முதல்ல அந்த "வாயு உருண்டை" என்ன பண்ணுதுன்னு சரியாத் தெரிஞ்சுக்கணும்.

தை மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்க. உச்சிக்குப் பக்கத்துல சின்னக் கொத்தா, மங்கலா இருக்கிறது கார்த்திகை. அதுக்குக் கிழக்கே கொஞ்சம் செம்மஞ்சளா ரோகிணி. இன்னும் கிழக்கே, மூணு நட்சத்திரம் வரிசையா நிற்கிற இடத்துக்கு ஒரு பக்கத்துல சிவப்பா திருவாதிரை. இந்த ஒரு துண்டு வானத்திலேயே ஒரு நட்சத்திரத்தோட முழு வாழ்க்கையும் இருக்கு.

பிறப்பு அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழே நடக்குது. புகை மாதிரி ஒரு சின்ன மங்கல் தெரியும். ஓரியன் நெபுலான்னு சொல்றாங்க. சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். கடுங்குளிர்ந்த ஹைட்ரஜன் மேகம் தன் எடையாலேயே உள்ளே சுருங்கும். சுருங்கச் சுருங்கச் சூடு ஏறும். நடுவுல சுமார் ஒரு கோடி டிகிரி வந்ததும் ஹைட்ரஜன் அணுக்கள் இணைஞ்சு ஹீலியம் ஆகத் தொடங்கும். அந்த நேரத்துல ஒரு நட்சத்திரம் பிறந்தாச்சு. அங்கே இப்பவும் பிறந்துக்கிட்டே இருக்கு.

இளமைக்கு நம்ம கார்த்திகை. கண்ணுக்கு ஆறு தெரிஞ்சாலும் அந்தக் கூட்டத்துல ஆயிரத்துக்கும் மேல நட்சத்திரங்கள். எல்லாம் ஒரே மேகத்துல கூடப்பிறந்தவை. வயசு சுமார் 10 கோடி வருஷம்தான். "தான்"னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு: டைனோசர் முதன்முதலா பூமியில நடந்தப்போ வானத்துல கார்த்திகையே கிடையாது. தூரம் சுமார் 440 ஒளியாண்டு. இன்னைக்கு நாம பார்க்கிற வெளிச்சம் அக்பர் ஆண்ட காலத்துல கிளம்பினது. அருணகிரிநாதர் பார்த்த வெளிச்சம் அதுக்கும் முன்னாடி கிளம்பினது.

நடுவயசுக்கு நம்ம சூரியன். வயசு 460 கோடி வருஷம், இன்னும் கிட்டத்தட்ட 500 கோடி வருஷம் ஓடும். ஒவ்வொரு நொடியும் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமா மாத்துது. அதுல சுமார் 40 லட்சம் டன் எடை வெளிச்சமாவே போயிடுது. வெயில்னு நாம சொல்றது சூரியனோட உடம்பு கரையறதுதான்.

ரோகிணி முதுமை. நடுவுல ஹைட்ரஜன் தீர்ந்து, ஊதிப் பெருத்துப்போச்சு. சூரியனைவிட 40 மடங்குக்கு மேல அகலம். சூரியனும் ஒருநாள் இப்படித்தான் ஆகும்.

திருவாதிரை வேற ரகம். சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல எடை. எடை அதிகம்னா ஆயுளும் அதிகம்னு தோணும், நடக்கிறது நேர்மாறு. நடுவுல அழுத்தமும் சூடும் அதிகமாக இருக்கிறதால எரிபொருளைத் தாறுமாறா செலவழிக்கும். வயசு சுமார் ஒரு கோடி வருஷம்தான், அதுக்குள்ள கிழமாயிடுச்சு. அப்பன் நட்சத்திரம் திருவாதிரை. அது பிள்ளைக்குப் பால் கொடுத்தவங்களைவிட வயசுல சின்னது, ஆனா முதல்ல போகப்போறது! 2019 கடைசியில திடீர்னு மங்கினப்போ "இதோ வெடிக்கப்போகுது"ன்னு உலகமே பேசிச்சு. அது கக்கின தூசியே அதோட முகத்தை மறைச்சிருக்குன்னு பிறகு தெரிஞ்சது. இன்னும் லட்சம் வருஷத்துக்குள்ள வெடிக்கலாம்னு கணக்கு.

சாவும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வராது. சூரியன் மாதிரி நட்சத்திரம் மேல்தோலையெல்லாம் மெல்ல உதறிட்டு, பூமி அளவுக்குச் சுருங்கி, வெண்குறுமீனாகி, ஆறிக்கிட்டே கிடக்கும். அப்படிக் கிடக்கிறதுக்கு ஒரு எடை வரம்பு உண்டு: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைக் கணக்குப் போட்டவர் நம்ம சந்திரசேகர். 1930ல மெட்ராஸ்ல படிச்சு முடிச்சிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனப்போ போட்ட கணக்கு. அப்போ வயசு 19. 1935ல லண்டன்ல எடிங்டன் அதை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினார். நோபல் பரிசு 1983ல வந்தது.

திருவாதிரை மாதிரிப் பெரிய நட்சத்திரம் ஹீலியத்தையும் எரிக்கும், கார்பனையும் எரிக்கும், ஆக்சிஜனையும் எரிக்கும். கடைசியில நடுவுல இரும்பு சேரும். இரும்பை இணைச்சா சக்தி கிடைக்காது. தாங்குறதுக்குச் சூடு இல்லாம நடுப்பகுதி ஒரு நொடிக்குள்ள இடிஞ்சு விழும், வெளிப்பகுதி வெடிச்சுச் சிதறும். அதுதான் சூப்பர்நோவா. 1054ல ரோகிணி இருக்கிற பக்கம் அப்படி ஒண்ணு வெடிச்சது. பகல்லயே தெரிஞ்சதுன்னு சீனாவுல எழுதி வச்சிருக்காங்க. அந்த இடத்துல இன்னைக்கும் தொலைநோக்கி வச்சா சிதறின புகை தெரியும்.

இந்த மாதிரி வெடிப்புகளும், வெண்குறுமீன் வெடிக்கிற இன்னொரு வகை வெடிப்பும்தான் அண்டத்துல இரும்பைத் தூவுது. அந்தத் தூசியெல்லாம் புது மேகத்துல கலந்து, சூரியனும் பூமியும் வந்து, ஒரு பெரிய ஆளோட உடம்புல சுமார் நாலு கிராம் இரும்பா இருக்கு. ரத்தம் சிவப்பா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க ஒரு ஃபார்வர்ட் போடுவாங்க: "நட்சத்திரம் நமக்காகத் தியாகம் செய்தது! நம் முன்னோர் அன்றே அறிந்தனர்!" தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. தியாகம்னா வேணாம்னு சொல்லவும் ஒரு வழி இருந்திருக்கணும். நட்சத்திரத்துக்கு அந்த வழி இல்ல. அதைச் சுத்தி ஏதாவது உலகம் இருந்திருந்தா, வெடிச்சப்போ அதையும் சேர்த்து எரிச்சிருக்கும். கந்தபுராணத்துக்கு இந்த மாதிரி முட்டுக்கொடுக்கத் தேவையும் இல்ல.

இன்னொரு உண்மையையும் சொல்லிடணும். நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்பு கார்த்திகை கொடுத்தது இல்ல, கொடுத்திருக்கவும் முடியாது. பூமிக்கு வயசு 450 கோடி வருஷத்துக்கு மேல. கார்த்திகை நேத்துப் பிறந்த பிள்ளை. நமக்கு இரும்பு கொடுத்த நட்சத்திரங்களுக்குப் பேர் இல்ல, திதி இல்ல, கோயில் இல்ல. எங்க இருந்ததுன்னுகூட யாருக்கும் தெரியாது.

அப்போ தம்பி கேட்டது சரிதானா? பாதி சரி. கடன்னா கொடுத்தவர் வேணும், வாங்கினவர் வேணும், கொடுக்கிற எண்ணமும் வேணும். அந்தக் கணக்குல நட்சத்திரத்துக்கு நாம ஒரு பைசா கடன் இல்ல. ஆனா நன்றியும் கடனும் ஒண்ணா? திருக்குறள்ல அந்த அதிகாரத்துக்கு "செய்ந்நன்றி அறிதல்"னு பேர். பழைய தமிழ்ல நன்றின்னா நன்மை. திருப்பிக் கொடுக்கிறதைப் பத்தித் தலைப்புல ஒரு சொல்லும் இல்ல, அறியறதைச் சொல்லுது.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. பை மேல ஒரு நம்பர், ரத்த வகை, தேதி. அவ்வளவுதான். கொடுத்த ரெண்டு பேரும் எங்க அம்மாவை நினைச்சுக் கொடுக்கல; அவங்களுக்கு அம்மா இருக்கிறதே தெரியாது. காலேஜ்ல கேம்ப் போட்டாங்கன்னு கொடுத்திருக்கலாம், ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போனான்னு கொடுத்திருக்கலாம். அப்படின்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சாலும் என் நன்றி ஒரு துளி குறையாது. அவங்க மனசுல என்ன இருந்ததுன்னு அளந்து பார்த்தா அது வந்தது? அம்மா கை சூடா இருந்ததுல வந்தது.

"அப்போ டைனோசரை அழிச்ச விண்கல்லுக்கும் நன்றி சொல்லணுமே, அது விழலேன்னா நாம வந்திருக்க மாட்டோமே"ன்னு அந்தத் தம்பி மடக்கலாம். மடக்கட்டும், நியாயமான மடக்குதான். எனக்குத் தோணுறது: அந்தக் கல் கொடுத்தது பிறத்தியார் உயிர். நட்சத்திரத்துக்கிட்டேருந்து நமக்கு வந்தது அதோட சொந்த உடம்பு. தாய்ப்பாலும் அப்படித்தானே?

முருகன் சிவனோட நெற்றிக்கண் பொறி. சரவணப் பொய்கையில ஆறு தாமரையில ஆறு குழந்தையாக் கிடந்தப்போ பால் கொடுத்தவங்க அவனைப் பெற்றவங்க இல்ல. பால் இல்லாட்டி அவனுக்கு என்ன குறைஞ்சிருக்கும்? சாமிக்குப் பசியான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா அவன் கார்த்திகேயன்னு பேர் வச்சுக்கிட்டான். திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி செய்யக்கூடியது இது: யார் பால் குடிச்சோம்னு தன் பேர்லயே சொல்றது.

பேர் தெரியாதவங்களுக்கு என்ன பண்றதுன்னும் நம்ம வீடுகள்ல வழக்கம் இருக்கு. அமாவாசைத் தர்ப்பணத்துல தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு பேர் சொல்லி முடிச்ச பிறகு, செய்ய ஆளே இல்லாதவங்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணியும் விடுவாங்க. கண்ணுக்குத் தெரியற கார்த்திகையைக் கும்பிடும்போது, கண்ணுக்குத் தெரியாமலே எரிஞ்சு முடிஞ்சவங்களுக்கும் அது போய்ச் சேரட்டும்னு நான் நினைச்சுக்கறேன். தம்பி ஒத்துக்கணும்னு இல்ல.

ஒரு குறிப்பு: பெரிய கார்த்திகை அன்னைக்குத் தேடாதீங்க. பௌர்ணமி நிலா பக்கத்துலயே இருக்கும், அந்த வெளிச்சத்துல கொத்து சரியாத் தெரியாது. நாலஞ்சு நாள் தள்ளி, நிலா ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க.

பார்க்கும்போது இதையும் தெரிஞ்சுக்கங்க. அந்தக் கூட்டத்துல அவங்க எல்லாரையும்விட எடை கூடின ஒரு அக்கா இருந்தா. அதனாலயே முதல்ல எரிஞ்சு தீர்ந்து, வெண்குறுமீனா இன்னும் அவங்களோடவே போயிக்கிட்டு இருக்கா. வெறுங்கண்ணுக்குத் தெரிய மாட்டா. விஞ்ஞானிங்க பட்டியல்ல அவ பேர் எல்.பி. 1497.