வாங்கியே தீர வேண்டிய பெட்டியின் நியாய விலை

வாங்குபவர் தேடிப் போகாத ஒரு பொருளைச் சட்டம் வாங்க வைத்தால் அதற்கு நியாயமான விலை எது, அதை யார் தர வேண்டும் என்பது அறவியலின் பழைய கேள்வி. அமெரிக்கா வான்வழித் தொலைக்காட்சியை அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியபோது அந்தக் கேள்வி கையடக்கமான ஒரு மின்னணுப் பெட்டியின் உருவில் எழுந்தது. முழுத் திறன் நிலையங்கள் யாவும் 2009 பிப்ரவரி 17-க்குள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. பின்னர் அந்த நாள் ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. கேபிள் அல்லது செயற்கைக்கோள் இணைப்பு உள்ள தொலைக்காட்சிகளுக்குச் சிக்கல் இல்லை. ஆண்டெனாவை மட்டும் நம்பியிருந்த பழைய தொலைக்காட்சிகளுக்கு டிஜிட்டல் அலையை மாற்றித் தரும் கன்வர்ட்டர் பெட்டி தேவைப்பட்டது. கடையில் அதன் விலை பெரும்பாலும் 40 முதல் 80 டாலர். வீட்டுக்கு இரண்டு வரை, தலா 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை அரசு வழங்கியது.

இந்தத் தேவையின் தன்மையை முதலில் பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றைப் பெறுவதற்காக யாரும் இந்தப் பெட்டியைக் கேட்கவில்லை. நேற்றுவரை இருந்தது நாளையும் இருக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டார்கள். தொலைக்காட்சி ஆடம்பரம், அது இல்லாமலும் வாழலாம் என்ற வாதத்துக்கு ஆடம் ஸ்மித் 1776-லேயே பதில் சொல்லிவிட்டார். உயிர் தரிக்க வேண்டியவை மட்டுமல்ல, எவை இல்லாவிட்டால் ஒரு நாட்டின் மிக எளிய மனிதரும் மதிப்புக் குறைவாக உணர்வாரோ அவையும் அத்தியாவசியமே என்றார் அவர். லினன் சட்டையும் தோல் காலணியும் அவர் காட்டிய உதாரணங்கள். சூறாவளி எச்சரிக்கையும் உள்ளூர்ச் செய்தியும் தொலைக்காட்சி வழியே வரும் ஊரில், மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு ஆண்டெனா அந்தச் சட்டையைப் போன்றதுதான்.

விலையைப் பற்றிக் கூர்மையாகப் பேசியவர் 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். பொருளைக் கைவிடுவதால் விற்பவருக்கு இழப்பு நேருமானால் அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்குபவரின் அவசரத் தேவையை மட்டும் காரணம் காட்டி விலையை ஏற்றலாகாது. அந்தத் தேவை வாங்குபவரின் நிலையிலிருந்து வருவது, விற்பவர் அதை விற்க முடியாது என்பது அவர் வாதம். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் சலமான்கா சிந்தனையாளர்களோ, ஏமாற்றும் ஏகபோகமும் இல்லாத சந்தையில் பொதுவாக ஏற்கப்படும் விலையே நியாய விலை என்றார்கள். பல நிறுவனங்கள் போட்டியிட்டுச் செய்த கன்வர்ட்டர் பெட்டி சலமான்காவின் சோதனையில் தேறிவிடும். அக்குவினாஸின் சோதனையில்தான் புதிய முடிச்சு விழுகிறது. இங்கே தேவை விற்பவரிடமிருந்தும் வரவில்லை, வாங்குபவரின் நிலையிலிருந்தும் வரவில்லை, நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. எனவே கடைக்காரரின் லாபத்தை மட்டும் அளந்தால் விடை கிடைக்காது. தேவையை உண்டாக்கியவரின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு பெரியது. மாற்றத்தால் விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒரு பகுதி காவல், தீயணைப்புத் துறைகளின் தொடர்புக்கு ஒதுக்கப்பட்டது. மற்றதில் 2008 மார்ச்சில் முடிந்த ஏலம் 1,900 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. கூப்பனுக்குச் சட்டம் முதலில் வைத்த உச்சவரம்பு 150 கோடி டாலர். இந்த 40 டாலர் கொடையா, இழப்பீடா? கொடை என்றால் கொடுப்பவர் அளவு வைக்கலாம், கெடு வைக்கலாம். இழப்பீடு என்றால் இழந்தது முழுவதையும் ஈடுசெய்யும்வரை கடன் தீராது. அலைக்கற்றை பார்வையாளரின் சொத்தல்ல, டிஜிட்டலில் படமும் தெளிவு, அலைவரிசைகளும் அதிகம் என்று மறுதரப்பு சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி அவருடைய சொத்து. பொது விதியை நம்பிக் காசு கொடுத்து வாங்கிய அதன் பயனை விதியே பறித்தது. ஆகவே இது இழப்பீடு என்பதே சரியான பார்வை.

திட்டமோ கொடையின் இலக்கணத்தில் நடந்தது. கூப்பன் 90 நாளில் காலாவதியாகும். 2008-இன் தொடக்கத்தில் அதைப் பெற்றவர்கள் பலருக்கு அருகிலிருந்த கடையில் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. விலை இறங்கட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. அனுப்பிய கூப்பன் பயன்படுத்தப்படாமல் கிடந்தாலும், காலாவதியாகும்வரை அதன் 40 டாலர் செலவுக் கணக்கிலேயே நிற்கும். இதனால் 2009 ஜனவரியில் உச்சவரம்பு எட்டப்பட்டு, புதிதாக விண்ணப்பித்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். வேறொருவரின் கூப்பன் வீணானால்தான் பட்டியல் நகரும். அந்த மாதம் சுமார் 65 லட்சம் வீடுகள் மாற்றத்துக்குத் தயாராகவில்லை என்று நீல்சன் நிறுவனம் மதிப்பிட்டது. நாடாளுமன்றம் பிறகு 65 கோடி டாலர் வரை கூடுதலாக ஒதுக்கி, கூப்பன் காலாவதியானவர்களும் மீண்டும் கேட்கலாம் என்றது. காத்திருப்பும் ஒரு விலைதான். அதை முழுவதும் விண்ணப்பித்தவர்களே செலுத்தினார்கள்.

பகிர்வின் நீதியிலும் குறை இருந்தது. முதல் 99 கோடி டாலர் தீரும்வரை கேபிள் உள்ள வீடும் இல்லாத வீடும் ஒரே வரிசையில் நின்றன. தபால் பெட்டி எண்ணை மட்டுமே முகவரியாகக் கொண்டவர்களும் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்களும் தொடக்கத்தில் 'வீடு' என்ற வரையறைக்குள் வரவே இல்லை. அந்த விதி பின்னர்தான் திருத்தப்பட்டது. அனைவருக்கும் ஒரே தொகை என்பது சமம் போலத் தோன்றும். தகுதிக்கும் தேவைக்கும் ஏற்பப் பகிர்வதே நீதி என்று கருதினால் பிரிட்டன் தேர்ந்த வழி மேலானது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும் கடுமையான உடற்குறை உள்ளவர்களுக்கும் பார்வையற்றோருக்கும் அங்கே தனி உதவித் திட்டம் இருந்தது. பெரும்பாலோர் 40 பவுண்டு செலுத்த, வறியவர்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. ஆள் வீட்டுக்கே வந்து பெட்டியைப் பொருத்தி, இயக்கவும் சொல்லிக்கொடுத்தார். விலைச்சீட்டில் ஏறாத அறியாமையையும் தனிமையையும் அந்தத் திட்டம் செலவாகக் கணக்கிட்டது.

அமெரிக்கக் கூப்பன் தொடாத இன்னொரு செலவு ஆண்டெனா. அனலாக் அலை நலிந்தால் படத்தில் புள்ளிகள் தெறிக்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல் அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் அறவே நின்றுவிடும். கோபுரத்திலிருந்து தொலைவில் இருந்தவர்கள் சிலர் பெட்டியோடு புதிய ஆண்டெனாவும் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பணம் அவர்கள் கையிலிருந்தே போனது.